லித்தியம் வந்து போகும் வீடு: பேட்டரிப் படிகத்துக்குள் என்ன நடக்கிறது?

சின்ன வயதில் பாடப்புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்தவர்களுக்கு இந்த விஷயம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். இறகு குட்டி போடும் என்று நம்பி, பென்சில் சீவிய தூளை அதற்குத் தீனியாக வைத்து, வெளிச்சம் படாமல் மூடி வைத்திருப்போம். இறகு இருக்கிற இடத்தில் பக்கங்கள் லேசாக விலகி நிற்கும். எடுத்துவிட்டால் மறுபடி சேர்ந்துகொள்ளும். தாள் கிழியாது, தையல் பிரியாது, புத்தகம் அதே புத்தகம்.

செல்போன் பேட்டரியில் லித்தியம் செய்வது கிட்டத்தட்ட இந்த வேலைதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு படிகத்தை விட்டு வெளியேறி இன்னொன்றுக்குள் நுழைகின்றன. போனைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. இப்படி நுழைவதற்கு வேதியியலில் இடைச்செருகல் என்று பெயர். பழைய செய்யுள் நூல்களில் பிற்காலத்தார் நுழைத்த பாட்டை இடைச்செருகல் என்கிறோமே, அதே சொல்தான்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் நடப்பது இப்படி இல்லை. அதில் காரீயத் தகடும் காரீய ஆக்சைடுத் தகடும் மின்சாரம் கொடுக்கும்போது காரீய சல்ஃபேட்டாகவே மாறிவிடும். பழைய பொருள் அழிந்து புதுப் பொருள் உருவாகிறது. சார்ஜ் செய்யும்போது அதை மறுபடி பழையபடி கட்டியெழுப்ப வேண்டும். லித்தியம் அயனி பேட்டரியில் வீட்டை இடிப்பதில்லை. வீடு அப்படியே நிற்க, குடியிருப்பவர்கள் மட்டும் வந்து போகிறார்கள். ஆயிரம் தடவை சார்ஜ் ஏற்றியும் அது தாக்குப்பிடிப்பதன் ரகசியம் இதுதான்.

ஆனால் ‘வீடு அப்படியே நிற்கிறது’ என்பது முழு உண்மை இல்லை. ஒவ்வொரு தடவையும் வீடு கொஞ்சம் அசைகிறது. சுவர் விலகும், தளம் வழுக்கும், சில சமயம் அறையின் வடிவமே மாறும். அந்த அசைவை எவ்வளவு தாங்குகிறது என்பதில்தான் பேட்டரியின் ஆயுளில் பெரும் பங்கு அடங்கியிருக்கிறது.

முதலில் மயிலிறகு போலவே நடந்துகொள்ளும் பொருள்களைப் பார்த்துவிடுவோம். பென்சில் கரியான கிராஃபைட் கார்பன் தாள்களின் அடுக்கு. இரண்டு தாள்களுக்கு நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். (மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்.) லித்தியம் நிறைய நுழைந்தால் இது 0.37 ஆகும். 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் எடுத்துக்கொண்ட டைட்டானியம் டைசல்ஃபைடும் இதே மாதிரிதான். லித்தியம் நுழைந்ததும் அடுக்கின் இடைவெளி 0.57 நானோமீட்டரிலிருந்து 0.62 ஆகிறது. உள்ளே ஆள் வந்தால் விரியும், போனால் சுருங்கும். நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தானே.

உலோக ஆக்சைடுக்கு வந்தால்தான் இந்தக் கணக்கு தலைகீழாகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான் குட்எனஃப், சல்ஃபைடுக்குப் பதிலாக ஆக்சைடைப் போட்டால் மின்னழுத்தம் கூடும் என்று கணித்தார். டோக்கியோவிலிருந்து வந்திருந்த கோயிச்சி மிஸுஷிமா உள்ளிட்ட குழுவோடு சேர்ந்து லித்தியம் கோபால்ட் ஆக்சைடைச் சோதித்து 1980இல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய 4 வோல்ட் கிடைத்தது. 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ அதற்கு எதிர்ப்புறத்தில் கார்பனை வைத்துப் பாதுகாப்பான பேட்டரியாக்கினார். 1991இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விட்டிங்ஹாம், குட்எனஃப், யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்எனஃபுக்கு வயது 97.

அந்தக் கோபால்ட் ஆக்சைடை இப்போது கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு கோபால்ட் அணுவைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள், மேலே மூன்று, கீழே மூன்று. இப்படிப்பட்ட கூட்டங்கள் பக்கம்பக்கமாகக் கைகோத்து ஒரு தாள் ஆகின்றன. தாளின் நடுவில் கோபால்ட், இரண்டு முகத்திலும் ஆக்சிஜன். இந்தத் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு இரண்டு தாளுக்கும் நடுவே ஒரு வரிசை லித்தியம். ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு 0.468 நானோமீட்டர். நூற்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பொடித் துகளை எடுத்துக்கொண்டால், அதில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பொருளைச் சூளையில் தயாரிக்கும்போதே லித்தியம் உள்ளே இருக்கிறது. இறகோடு சேர்த்தே விற்கப்படும் புத்தகம் இது. அதனால் புது பேட்டரியில் நடக்கும் முதல் வேலை லித்தியத்தை வெளியே எடுப்பது, அதாவது சார்ஜ் செய்வது.

லித்தியம் வெளியேறும்போது நேர்மின்சுமையோடு போகிறது. அது விட்டுச்செல்லும் எலக்ட்ரான் வெளிக்கம்பி வழியாக மறுபக்கத்துக்குப் போகிறது. அந்த எலக்ட்ரானைக் கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் கோபால்ட்டுக்கு. மூன்று பங்கு நேர்மின்சுமையில் இருந்த கோபால்ட் நான்கு பங்குக்கு ஏறுகிறது. எலக்ட்ரானை இழந்த அணு கொஞ்சம் சுருங்கும். அதனால் தாளின் நீள அகலம் மயிரிழை அளவுக்குக் குறைகிறது.

அப்படியானால் தாள்களுக்கு நடுவே? லித்தியம் போய்விட்டது, இடைவெளி குறைய வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. இடைவெளி கூடுகிறது. பாதி லித்தியம் போனதும் 0.468 ஆக இருந்தது 0.480 ஆகிவிடுகிறது.

காரணம் ஆக்சிஜன். எதிரெதிரே இருக்கும் இரண்டு தாள்களின் முகத்திலும் ஆக்சிஜன்தான் இருக்கிறது, இரண்டும் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். நடுவில் நேர்மின்சுமையோடு லித்தியம் நின்று இரண்டு பக்கத்தையும் தன்பால் இழுத்துப் பிடித்திருந்தது. சண்டைக்காரர் இருவருக்கு நடுவில் கைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவர் மாதிரி. பெரியவர் ஒவ்வொருவராகக் கிளம்பினால் சண்டைக்காரர்கள் விலகித்தானே நிற்பார்கள். கிராஃபைட்டிலும் டைசல்ஃபைடிலும் தாள்கள் லித்தியம் இல்லாமலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தவை. அங்கே லித்தியம் நடுவில் புகுந்து இடம் பிடிக்கும் விருந்தாளி. இங்கே அது இரு பக்கத்தையும் சேர்த்துக் கட்டும் கயிறு. ஒரே அயனிதான், இடத்துக்கு இடம் வேலை மாறுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

இவ்வளவு சின்ன விலகலை எப்படி அளக்கிறார்கள்? எக்ஸ் கதிரைச் சாய்வாகப் பாய்ச்சினால் படிகத்தின் அடுக்குகள் அதைக் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பலமாகத் திருப்பி அனுப்பும். அடுக்கின் இடைவெளி கூடினால் அந்தக் கோணம் குறையும். பிராக் தந்தையும் மகனும் நூறாண்டுக்கு முன் வகுத்துக் கொடுத்த கணக்கு. கதிர் பலமாகத் திரும்பும் கோணம் வரைபடத்தில் ஒரு உச்சியாகத் தெரியும். சாதாரணமாகப் பயன்படும், செம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிரில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடின் முதல் உச்சி 18.9 டிகிரி அருகே நிற்கும். பேட்டரியைக் கருவிக்குள் வைத்தபடியே சார்ஜ் செய்தால் அந்த உச்சி மெல்ல இடப்பக்கம் நகர்ந்து 18.4 டிகிரிக்கு வருவதைத் திரையில் பார்க்கலாம். கனடாவில் ரைமர்ஸும் ஜெஃப் டானும் 1992இல் இப்படித்தான் இந்த மாற்றத்தை அடி அடியாகப் பின்தொடர்ந்தார்கள்.

அவர்கள் கண்ட இன்னொரு விஷயமும் அழகானது. சரியாகப் பாதி லித்தியம் மிச்சமிருக்கும் நிலையில், அவை கண்ட இடத்தில் சிதறி உட்காராமல் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஒழுங்காக அமர்ந்துகொள்கின்றன. லித்தியங்களும் ஒன்றையொன்று தள்ளுபவைதானே. பாதி காலியான அரங்கில் ஒருவர் விட்டு ஒருவர் உட்காருவது போல. அந்த ஒழுங்கு வரும்போது படிகமே ஒரு பக்கமாக இம்மி சாய்கிறது. இன்னும் கொஞ்சம் லித்தியத்தை எடுத்தால் ஒழுங்கு கலைந்து சாய்வும் நிமிர்ந்துவிடும்.

சரி, தொடர்ந்து எடுத்துக்கொண்டே போனால்? தாள்கள் விலகிக்கொண்டே போகுமா?

இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் ஆக்சிஜனின் எதிர்மின்சுமையே குறையத் தொடங்குகிறது. கோபால்ட்டும் ஆக்சிஜனும் எலக்ட்ரானை நெருக்கமாகப் பங்குபோட ஆரம்பிக்கின்றன. சண்டைக்காரர்களுக்குச் சண்டை போட வேகம் இல்லை, நடுவில் பிடித்து நிறுத்தவும் ஆள் இல்லை. தாள்கள் பொத்தென்று ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்துவிடுகின்றன. 0.48 ஆக விரிந்திருந்த இடைவெளி முழுதாகக் காலியானதும் 0.43 அளவுக்கு இறங்குகிறது. இறங்குவதோடு நிற்பதில்லை. தாள்கள் பக்கவாட்டில் வழுக்கி, அடுக்கின் முறையையே மாற்றிக்கொள்கின்றன. 4.5 வோல்ட்டுக்கு மேலே இந்த வேலை தொடங்குகிறது.

ஒரு தடவை இப்படி நடந்தால் படிகம் தாங்கும். நூறு தடவை விரிந்து, சரிந்து, வழுக்கி, மறுபடி எழுந்தால் துகளில் விரிசல் விழும். கூடவே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. லித்தியம் அளவுக்கு மீறிக் காலியான ஆக்சைடு சூடானால் தன் ஆக்சிஜனையே வெளியே விட்டுவிடும். பேட்டரிக்குள் நிரப்பியிருக்கும் மின்பகுளி எரியக்கூடிய திரவம். எரிபொருளும் சூடும் இருக்கிற இடத்தில் ஆக்சிஜனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் கோபால்ட் ஆக்சைடு பேட்டரிகளை வெகுகாலம் 4.2 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே இருக்கும் லித்தியம் முழுவதும் வெளியே வந்தால் கிராமுக்கு 274 மில்லி ஆம்பியர் மணி கிடைக்க வேண்டும். 4.2 வோல்ட்டில் கிடைப்பது 140 சொச்சம். மீதிப் பாதி உள்ளேயே தங்கி வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது மேற்பூச்சு பூசியும், கோபால்ட்டின் இடத்தில் கொஞ்சம் அலுமினியம், மெக்னீசியம் கலந்தும் 4.4 வோல்ட்டைத் தாண்டிப் போகிறார்கள். அப்போதும் முழுதாகக் காலி செய்வதில்லை. போன் நூறு சதவீதம் என்று காட்டும் நேரத்திலும் நேர்மின்வாயான கோபால்ட் ஆக்சைடுக்குள் கணிசமான லித்தியம் இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறது.

மின்சாரக் கார்களில் கோபால்ட்டைக் குறைத்து நிக்கலைக் கூட்டுகிறார்கள். விலை குறையும், அதே மின்னழுத்தத்தில் அதிக லித்தியத்தை வெளியே எடுக்கவும் முடியும். ஆனால் அதிக லித்தியம் வெளியே வந்தால் அந்தச் சரிவும் சீக்கிரம் வரும். நிக்கல் மிகுந்த ஆக்சைடுகளில் 4.2 வோல்ட் அருகிலேயே தாள்கள் இறங்கத் தொடங்குகின்றன. இங்கே துகளின் அமைப்பும் சேர்ந்து படுத்துகிறது. ஒவ்வொரு துகளும் ஒரே படிகம் இல்லை, கடலை உருண்டை மாதிரி. நூற்றுக்கணக்கான குட்டிப் படிகங்கள் ஒட்டிக்கொண்டு ஒரு உருண்டையாக இருக்கும். ஒவ்வொரு கடலையும் ஒவ்வொரு திசை பார்த்துக் கிடக்கும். எல்லாம் ஒரே நேரத்தில், தத்தம் திசையில் விரிந்து சுருங்கினால் நடுவே இருக்கும் ஒட்டு விட்டுப்போகும். விரிசல் வழியாக மின்பகுளி உள்ளே கசிந்து புதுப் பரப்புகளை அரிக்கும். சார்ஜ் நிற்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உருண்டையே வேண்டாம், ஒவ்வொரு துகளையும் ஒரே படிகமாக வளர்ப்போம் என்று சிலர் முயல்வது இதற்காகத்தான்.

நிக்கலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் அயனி லித்தியம் அயனியின் அளவுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். அதனால் சில நிக்கல்கள் லித்தியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்ளும்.

இதுவரை பார்த்ததெல்லாம் தாள் அடுக்கு. எல்லா ஆக்சைடும் இப்படிப் புத்தகம் போல இருக்க வேண்டியதில்லை.

1981இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலிருந்து மைக்கேல் தாக்கரே ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். அவர் கையில் இருந்த யோசனை, காந்தக் கல்லான மேக்னடைட்டுக்குள் லித்தியத்தை நுழைப்பது. மேக்னடைட் ஸ்பினல் என்ற வகையைச் சேர்ந்தது. ஸ்பினல் ஒரு ரத்தினத்தின் பெயர். பிரிட்டிஷ் மகுடத்தில் மாணிக்கம் என்று பெயர்பெற்ற பெரிய சிவப்புக் கல் உண்மையில் ஸ்பினல்தான். ரத்தினம் போல இறுகிய படிகத்துக்குள் அறை வெப்பத்தில் வெளியாள் நுழைய முடியும் என்று யாருக்கும் எளிதில் தோன்றாது. நுழைந்தது. நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த சின்ன அறைகளில் இருந்த இரும்பு, ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த பக்கத்து அறைக்கு நகர்ந்து இடம் கொடுத்தது. மொத்தக் கட்டமைப்பு குலையவில்லை.

அடுத்து மாங்கனீஸ். லித்தியம் மாங்கனீஸ் ஸ்பினலில் மாங்கனீஸும் ஆக்சிஜனும் நான்கு திசையிலும் பின்னிய சாரம் மாதிரி நிற்கின்றன. தாள்கள் இல்லாததால் வழுக்குவதற்கு எதுவும் இல்லை. சாரத்தின் நடுவே எல்லாத் திசையிலும் சுரங்க வழி ஓடுகிறது, லித்தியம் அதன் வழியாகப் போய் வரும். முழுதாக வெளியே எடுத்தாலும் சாரம் நிற்கும். கனசதுரமாக இருக்கும் அதன் அடிப்படை அறையின் பக்கம் 0.82 நானோமீட்டரிலிருந்து 0.80க்கு எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்கும். கன அளவில் ஏறக்குறைய 7 சதவீதம். 4 வோல்ட் தரும், மாங்கனீஸும் மலிவு. 2010இல் வந்த நிசான் லீஃப் காரின் முதல் பேட்டரிகளில் இதுதான் முக்கியப் பொருள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்பினலுக்குள் இன்னும் காலி அறைகள் இருக்கின்றன. கூடுதலாக ஒரு பங்கு லித்தியத்தை நுழைக்கலாம், 3 வோல்ட் அருகே அது நுழையவும் செய்கிறது. நுழைந்ததும் படிகம் கோணலாகிவிடுகிறது.

லித்தியம் நுழையும்போது கூடவே எலக்ட்ரானும் வருகிறது, அதை வாங்கிக்கொள்வது மாங்கனீஸ். நான்கு பங்கு நேர்மின்சுமையில் இருந்த மாங்கனீஸ் மூன்று பங்காகும். இப்படி மூன்று பங்கில் இருக்கும் மாங்கனீஸுக்கு வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். மூன்று எலக்ட்ரான்கள் ஆக்சிஜன்களுக்கு இடைப்பட்ட திசைகளில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருக்கும். நான்காவது மட்டும் ஆக்சிஜன்களை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். அது மேல் கீழ் அச்சில் நின்றால், அந்த அச்சில் இருக்கும் இரண்டு ஆக்சிஜன்களை வெளியே தள்ளிவிடும், பக்கவாட்டில் இருக்கும் நான்கும் கிட்டே வரும். உருண்டையாக இருந்த கூட்டம் மேலும் கீழும் நீண்டுவிடும். எலக்ட்ரான் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் வடிவமும் சாய்ந்தே தீரும் என்று 1937இல் ஹெர்மன் ஜானும் எட்வர்ட் டெல்லரும் நிறுவினார்கள். அதனால் இதற்கு ஜான்–டெல்லர் விளைவு என்று பெயர்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக நீண்டால் படிகம் பொறுத்துக்கொள்ளும். மாங்கனீஸில் பாதிக்கு மேல் இந்த நிலைக்கு வந்துவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் நீள்கின்றன. லூடோ பகடை தாயக்கட்டை ஆவது போலக் கனசதுரம் ஒரு பக்கம் நீண்டுவிடுகிறது. முழுதாக நுழைந்து முடிந்ததும் நீண்ட பக்கம் மற்றப் பக்கத்தைவிட 16 சதவீதம் அதிகம். துகளின் வெளித்தோலில்தான் லித்தியம் முதலில் சேரும் என்பதால், தோல் தாயக்கட்டையாகவும் உள்ளே பகடையாகவும் கொஞ்ச நேரம் ஒரே துகள் இரண்டு வடிவத்தில் இருக்க வேண்டியிருக்கும். அந்த இழுபறியில் துகள் விரிசல் விடும், பக்கத்துத் துகளோடு மின் தொடர்பு அறுந்துபோகும். மாங்கனீஸ் ஸ்பினலை 4 வோல்ட் பகுதியிலேயே பயன்படுத்தி, 3 வோல்ட்டுக்கு இறங்க விடாமல் பார்த்துக்கொள்வது அதனால்தான்.

எல்லா ஆக்சைடும் இந்த அளவுக்காவது தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. துருவின் முக்கியப் பொருளான இரும்பு ஆக்சைடுக்குள் லித்தியத்தை நுழைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் லித்தியம் ஆக்சிஜனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், இரும்பு தனியே பிரிந்து நானோ துணுக்குகளாக நிற்கும். வீடு இடிந்தே போகிறது. அது இடைச்செருகல் இல்லை, வேறு வகை வினை.

அப்புறம், இதற்கு நேரெதிர்க் கோடியில் ஒரு பொருள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. லித்தியம் டைட்டனேட். இதுவும் ஸ்பினல்தான், ஆனால் பேட்டரியில் கிராஃபைட்டின் இடத்தில், எதிர்மின்வாயில் வைக்கிறார்கள். சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. லித்தியம் நுழைய நுழையக் கருநீலமாகிறது, டைட்டானியம் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதன் அடையாளம் அது. ஒவ்வொரு ஐந்து டைட்டானியத்துக்கும் மூன்று லித்தியம் புதிதாக உள்ளே வருகிறது. ஏற்கெனவே நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த அறையில் இருந்த லித்தியங்களும் ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த அறைக்கு இடம் மாறுகின்றன. உள்ளே இவ்வளவு நடமாட்டம். ஆனால் சில பிணைப்புகள் நீள்வதும் வேறு சில சுருங்குவதும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுவதால் வெளி அளவு அசைவதே இல்லை. கன அளவு மாற்றம் 0.2 சதவீத அளவில்தான்.

1995இல் ஒசாகாவில் ட்சுடோமு ஓஸுகு குழுவினர் இதை அளந்து ‘பூஜ்யத் திரிபு’ப் பொருள், அதாவது அளவு மாறாத பொருள், என்று பெயரிட்டார்கள். விரிசல் விழ வழியே இல்லாததால் இதை வைத்துக் கட்டிய பேட்டரிகள் பல்லாயிரம் தடவை சார்ஜ் ஏறி இறங்குகின்றன. தோஷிபா இவற்றைத் தயாரித்து விற்கிறது. மின்னழுத்தம் குறைவு, ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட் போல, அதனால் போனுக்குள் இது வராது. எக்ஸ் கதிர்க் கருவிக்குள் வைத்துச் சார்ஜ் செய்து பார்த்தால் கோபால்ட் ஆக்சைடில் அரை டிகிரி நகர்ந்த அந்த உச்சியைப் போல இதில் எதுவும் நகராது. பொடி வெள்ளையிலிருந்து கருநீலமாகி மறுபடி வெள்ளையாகும், உச்சிகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும்.